அறிவியலும் வாக்குரிமையும்



அரசு ஊழியனாகிய நான் எக்கட்சிக்கும் ஆதரவாகப் பேச வரவில்லை. ஒரு குறையை மட்டும் எடுத்துரைக்க விழைகின்றேன். தேர்தல் வந்தால் அரிசி, வீட்டுமனை, உதவித்தொகை பற்றி வேட்பாளரிடம் வினவுகின்றோம். அறிவியலைப் பற்றி வினவுவதில்லை; அது கற்றறிந்தோர் காரியம் என்று விட்டுவிடுகின்றோம்.

அண்ணல் அம்பேத்கர் அவ்வாறு விட்டுவிடவில்லை. 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, நீர்ப்பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்திற்கு அடித்தளமிட்டவர்களுள் அவரும் ஒருவர். முதற் பொதுத் தேர்தலை முன்னிட்டு 1951-இல் அவருடைய செட்யூல்டு வகுப்பினர் கூட்டமைப்பு வெளியிட்ட அறிக்கை, வேளாண்மைக்கு இயந்திரங்கள் வேண்டும் என்றது. வயலின் கடும் உழைப்பு எவர் முதுகின்மேல் ஏற்றப்பட்டிருந்தது என்பதை எண்ணினால் அதன் பொருள் விளங்கும்.

எதை முதலில் ஆராய்வது, எதற்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்னும் முடிவே அறிவியல் கொள்கை. ஆராய்ச்சிச் செலவை நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 2 விழுக்காடாக உயர்த்த வேண்டும் என்றது நடுவண் அரசின் 2013-ஆம் ஆண்டுக் கொள்கை. 2020-21-இல் அது 0.64 விழுக்காடாகவே இருந்தது.

அதே 2013-இல்தான், கையால் மலம் அள்ளுவதையும் பாதுகாப்புக் கருவியின்றிச் சாக்கடைக் குழிகளில் மனிதரை இறக்குவதையும் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. பத்தாண்டுகள் சென்றன. 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கிற்று, நாமும் மகிழ்ந்தோம். அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சாக்கடைக் குழியில் இறப்போரின் குடும்பத்திற்குரிய இழப்பீட்டை 10 இலட்சத்திலிருந்து 30 இலட்சம் ரூபாயாக உயர்த்தித் தீர்ப்பளித்தது. சட்டம் வந்தும் இறப்பு நிற்கவில்லை என்பதே இதன் பொருள்.

நிலவுக்குச் செல்ல வேண்டாம் என்று நான் கூறவில்லை. நம் பிள்ளைகளும் அப்பணியில் பொறியாளராக அமர வேண்டும். ஆனால் குழியைத் தூய்மை செய்யும் இயந்திரமும் இன்று நம் நாட்டில் உண்டு. அதை ஒவ்வொரு நகராட்சிக்கும் பேரூராட்சிக்கும் கொண்டு சேர்க்க நிதி வேண்டும். அந்நிதியை ஒதுக்குவோர் அறிவியலறிஞர் அல்லர். நம் வாக்கைப் பெற்று அவைகளுக்குச் செல்வோரே ஆவர்.

ஆகவே இளைஞர்களே! வாக்குக் கேட்டு வருவோரிடம் வினவுங்கள்: ஆராய்ச்சிக்கு எவ்வளவு ஒதுக்குவீர்கள்? அதில் உழைப்போர் உயிரைக் காக்கும் பங்கு யாது? எங்கள் அரசுப் பள்ளிக்கு நல்ல ஆய்வுக்கூடம் எப்போது வரும்? அவர்தம் விடையை எழுதி வையுங்கள். அடுத்த தேர்தலில் அவரிடமே படித்துக் காட்டுங்கள். அவ்வாறு கேட்கும் துணிவைக் கல்வியே தரும். அக்கல்வியை இருபத்தைந்து ஆண்டுகளாக வழங்கிவரும் நம் சங்கம் நீடு வாழ்க!