ஒரே கோபுரம், பல அலைகள்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



ஒரே கோபுரத்தில் பல வானொலிப் பரப்பிகளின் ஆன்டெனாக்களைப் பொருத்துவதுண்டு. இடமும் செலவும் மிச்சம். ஆனால் அந்த அலைகள் கலந்துவிட்டால், எவரும் ஒலிபரப்பாத அதிர்வெண்ணில் புதிய அலை பிறக்கும். இதுவே இடைப்பண்பேற்றம்.

கரும்பலகையில் கணக்கிடுவோம். 98.3, 106.4 மெகாஹெர்ட்ஸ் ஆகியவை சென்னை மாணவர்கள் அறிந்த பண்பலை எண்கள். எடுத்துக்காட்டுக்காகவே சொல்கிறேன். 106.4-ஐ இரட்டித்து 98.3-ஐக் கழித்தால் 114.5. பண்பலை 108-இல் முடிகிறது. அதற்கு மேலே விமானங்களுக்கு வழிகாட்டும் வானொலிக் கருவிகள் இயங்குகின்றன. அங்கே இரைச்சல் புகுந்தால் அது உயிர்ப் பிரச்சினை.

அலைகள் எங்கே கலக்கின்றன? ஒரு பரப்பிக்குள் மற்றொன்றின் அலை ஆன்டெனா வழியே நுழையலாம். கோபுரத்தின் துருப்பிடித்த போல்ட், நாம் பாடத்தில் நடத்தும் டையோடு போலச் செயல்படலாம். மழைக்கும் காற்றுக்கும் ஏற்ப இந்த இரைச்சல் கூடிக் குறையும். கேட்பவரின் ஏற்பிக்குள்ளேயே கலப்பதும் உண்டு.

பொறியாளர்கள் பரப்பிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பார்கள். முதலாவதை அணைத்ததும் இரைச்சல் நின்றால் "இதுதான் குற்றவாளி" என்று சொல்லத் தோன்றும். அதை மீண்டும் இயக்கிவிட்டு இரண்டாவதை அணைத்தாலும் இரைச்சல் நிற்கும்! இரண்டுமே சரியாக இயங்கலாம்; பழுது நடுவிலுள்ள போல்ட்டில் இருக்கலாம்.

அடுத்து, ஏற்பியின் முன் 3 டெசிபல் குறைக்கும் மெலிப்பானை இணைப்பார்கள். இரைச்சலும் 3 டெசிபல் குறைந்தால் அது வெளியிலிருந்து வருகிறது. நாம் பார்த்த வகைக் கலப்பு ஏற்பிக்குள் நடந்தால் சுமார் 9 டெசிபல் குறையும். இதன் பிறகே வடிப்பான் பொருத்துவதா, துருவை நீக்குவதா என்று முடிவெடுக்கலாம்.

இதை நம் வகுப்பறைக்குக் கொண்டுவர விலையுயர்ந்த கருவி வேண்டாம். மின்சுற்றில் பல்பு எரியாவிட்டால் என் மாணவர்கள் மின்கலம், கம்பி, பல்பு மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுவார்கள். பல்பு எரியும், காரணம் தெரியாது. இப்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றச் சொல்கிறேன். எரிந்த பின் பழையதை மீண்டும் பொருத்தி, அணைகிறதா என்றும் பார்க்கச் சொல்கிறேன். மாற்றியது என்ன, நடந்தது என்ன என்று குறிப்பேட்டில் இரண்டு பத்திகளில் எழுதுகிறார்கள்.

அடுத்த செய்முறை வகுப்பில் நீங்களும் இதைச் செய்து பாருங்கள். விடையைவிட, அதை அடைந்த வழிக்கு மதிப்பெண் கொடுங்கள்.