வார்டிலிருந்து குளத்துக்கு



மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களைப் பற்றிப் பேசும்போது அவர்களையே பின்வரிசைக்கு அனுப்புவது நம் கருத்தரங்குகளின் வழக்கம். இன்று அவர்களை முன்வரிசையில் அமர்த்திய ஏற்பாட்டாளர்களுக்கு நன்றி. தலைவர் பேச்சு நீளக்கூடாது, விஷயத்துக்கு வருகிறேன்.

மார்பக அறுவைக்குப் பின் நம் பெண்களுக்கு நெடுங்காலமாகச் சொல்லப்பட்டது இதுதான்: அந்தக் கையால் கனம் தூக்காதே, வேகமாக வீசாதே. அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை எடுத்துவிட்டால் நீர் வடியும் வழி குறையும், கை வீங்கலாம். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் ஐந்தில் ஒருவருக்கு வீங்குகிறது. பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த அறிவுரையைக் கேட்டவர்கள் யார்? சுங்கை சிப்புட்டிலும் செம்மோரிலும் உள்ள தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பில் நின்று, ரப்பர் மரம் சீவி, தோளில் காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்த பெண்களும் அவர்களில் உண்டு. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் உதிரிப் பழம் பொறுக்கியவர்கள், முதுகில் மருந்துப் பம்பு மாட்டியவர்கள். கைக்கு ஓய்வு கொடு என்றால், வேலையை விடு என்றுதான் அவர்கள் காதில் விழும். கையை அசைக்காமல் வைத்தால் தோளும் இறுகிவிடும். பிறகு சட்டை மாட்டவும் மகளைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

1996இல் வான்கூவரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர் இந்தப் பயத்தைச் சோதித்துப் பார்த்தார். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களை டிராகன் படகில் ஏற்றித் துடுப்புப் போட வைத்தார். எவருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. 2009இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, ஏற்கெனவே கை வீங்கிய பெண்கள் மேற்பார்வையில் சிறிது சிறிதாக எடை தூக்கினால் வீக்கம் கூடுவதில்லை என்று காட்டியது. நம் மலேசியாவிலும் மார்பகப் புற்றுநோய் நலச் சங்கத்தின் பிங்க் சேலஞ்சர்ஸ் அணியினர் டிராகன் படகு வலிக்கிறார்கள். படகுக்குத் துணிவு வராதவர்களுக்குக் குளம் இருக்கிறது.

தண்ணீர் செய்யும் வேலை எளிய பௌதிகம். ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தம் ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் பாதரச அளவு கூடும். மார்பளவு நீரில் நின்று கையைத் தொங்கவிட்டால், 50 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் விரல்களின் மேல் ஏறத்தாழ 37 மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தம். அக்குளருகே மிகக் குறைவு. கீழே இறுக்கமாகவும் மேலே தளர்வாகவும் இருக்கும் உறையைத் தண்ணீரே மாட்டிவிடுகிறது. கையின் பாரமும் குறைவதால், தரையில் தூக்க முடியாத உயரத்துக்கு அது எழும்பும்.

மிகைப்படுத்தவும் கூடாது. இஸ்ரேலில் டோரிட் திதார் குழுவினர் 48 பெண்களிடம் நீர்ப்பயிற்சியைச் சோதித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், குளத்தைவிட்டு ஏறியவுடன் வீக்கம் குறைந்திருந்தது. நாள்பட்ட அளவில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஆனால் வாழ்க்கைத்தரம் உயர்ந்தது, பயிற்சிக்கும் விடாமல் வந்தார்கள். என் கணிப்பில் இந்தக் கடைசிச் செய்திதான் பெரியது. தனியாகச் செய்யும் பயிற்சி இரண்டாம் வாரமே நின்றுவிடும். பக்கத்தில் ஒருத்தி காத்திருந்தால் நிற்காது.

ஈப்போவில் இருந்துகொண்டு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. தம்புன் சுடுநீர் ஊற்று வலிக்கு நல்லது என்று நம் வீடுகளில் சொல்வோம். கணு எடுத்த கைக்கு அந்தச் சூடு ஆகாது, வீக்கத்தைக் கூட்டிவிடலாம். கிந்தாப் பள்ளத்தாக்கின் பழைய ஈயக் குட்டைகளும் வேண்டாம். சிறு கீறல் போதும், தொற்று ஏறிவிடும். காயம் ஆறாதவர்களும் கதிர்வீச்சில் தோல் புண்ணானவர்களும் மருத்துவர் சம்மதிக்கும்வரை பொறுக்க வேண்டும்.

இனி, கண்ணுக்கு எதிரே உள்ள தடை. 2012–2016 தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி மார்பகப் புற்றுநோய் கண்டவர்களில் 47.9 விழுக்காட்டினர் மூன்றாம், நான்காம் கட்டத்தில் வந்தவர்கள். முந்தைய ஐந்தாண்டில் 43.2. தாமதமாக வந்தால் அக்குளில் பெரிய அறுவை தேவைப்படும், கைவீக்கமும் கூடும். குளம் மிகவும் தேவைப்படுபவள் குளத்திலிருந்து மிகத் தொலைவில் இருக்கிறாள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ சுமார் 30 கிலோமீட்டர். பேருந்துக்குக் காசு, ஒரு நாள் கூலி இழப்பு, ஒரு பக்க மார்பு இல்லாமல் ஆண்கள் முன்னே நனைந்து நிற்கும் கூச்சம். லயத்துப் பொதுக்குழாயடியில் கைலியை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு கூட்டமாகக் குளித்தவர்களுக்குத் தண்ணீரும் கூட்டமும் புதிதல்ல, பார்வையாளர்தான் புதிது. மலாய்த் தோழிகள் அணியும் முழுக்கை நீச்சலுடை உடைக் கவலையைத் தீர்க்கும். கூச்சம் தீரக் குளம் அந்நேரம் பெண்களுக்கு மட்டும் என்றாக வேண்டும்.

ஆகவே இங்கே ஆய்வுக் கட்டுரை படைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைச்சுற்றளவை எவ்வளவு துல்லியமாக அளந்தீர்கள் என்பதோடு, எத்தனை பேர் இடையில் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்பதையும் சொல்லுங்கள். மாலை அமர்வு கலைவதற்குள் ஒரு தீர்மானம் வேண்டும்: ஈப்போவில் ஒரு குளம், வாரத்தில் இரண்டு காலை பெண்களுக்கு மட்டும், பயிற்சி பெற்ற ஒரு சிகிச்சையாளர், தமிழில் விளக்கம், சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வேன். மாநகர் மன்றத்துக்கும் மருத்துவமனைக்கும் எழுத வேண்டிய கடிதத்தை இன்றே எழுதிக் கையொப்பமிடுங்கள். என் கையொப்பம் முதலாவதாக இருக்கும்.