துணிதலும் முடித்தலும்



‘டிசைட்’ என்னும் ஆங்கிலச் சொல், ‘வெட்டி விலக்கு’ எனப் பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. நம் சாலாக் செலாத்தானில் நாள்தோறும் காதில் விழும் மலாய்ச் சொல் ‘கெப்புதுசான்’. அதன் அடியான ‘புத்துஸ்’ என்பதற்கும் அறுபடுதல் என்பதே பொருள். தமிழோ ‘முடிவு’ என்கிறது. இதைக் கொண்டு, தமிழர் வெட்டுவதில்லை, முடிப்பதோடு சரி என்று எண்ணிவிடலாகாது. ‘துணி’ என்னும் நம் பழைய வினைக்கு அறுபடுதலும் பொருள், உறுதி கொள்ளுதலும் பொருள். எண்ணிய பின்னரே துணிய வேண்டும் என்று வள்ளுவர் 467ஆம் குறளில் கூறும்போது அவ்வினையையே ஆள்கிறார். இன்று ‘போகத் துணிந்தார்’ என்றால் அஞ்சாமல் போனார் என்றே கொள்கிறோம். பழம்பொருள், ‘என்பது உரையாசிரியர் துணிபு’ போன்ற புலமைத் தொடர்களில் ஒதுங்கிவிட்டது.

‘முடிவெடுத்தல்’ ஆங்கிலத் தொடரின் சாயல் என்பது நம் கருத்து; ‘முடிவு செய்தல்’ போதும். எஸ்.பி.எம். தேர்வெழுதிய மாணவர் ‘முடிவு எடுக்கப் பள்ளிக்குப் போகிறேன்’ என்றால், அவர் எதையும் தீர்மானிக்கப் போகவில்லை; மதிப்பெண் தாளை வாங்கப் போகிறார். மலாயிலும் ‘கெப்புதுசான்’ இவ்விரண்டையும் சுமக்கிறது.

இனி, மொழிபெயர்ப்பில் மாணவர் பெரிதும் தடுமாறும் இடம் எதிர்மறை. ஒரு பள்ளியை இடம் மாற்றுவது பற்றி வாரியம் கூடுகிறது என்று கொள்வோம். ‘இடம் மாற்ற முடிவு செய்யவில்லை’ என்று எழுதினால், முடிவே பிறக்கவில்லை. நாளை மாற்றவும் கூடும். ‘இடம் மாற்றுவதில்லை என முடிவு செய்தது’ என்றால் பேச்சு முடிந்தது. ஆங்கிலத்தின் ‘டிசைட் அகெய்ன்ஸ்ட்’ இரண்டாவதைக் குறிக்கும். அதை முதலாவதாகப் பெயர்த்தால், பிள்ளையை அடுத்த ஆண்டு எங்கே சேர்ப்பது என்றறியாமல் பெற்றோர் திகைப்பர். எதிர்மறை எந்த வினையில் ஏறுகிறது என்பதை முதலில் பாருங்கள்.

‘டிசைட் வெதர்’ என வந்தால் நம் ஆகார வினாவே துணை: ‘மாற்றுவதா, வேண்டாவா என்பதை வாரியம் இன்னும் முடிவு செய்யவில்லை.’

‘முடிவு செய்தது’, ‘முடிவு செய்துவிட்டது’ ஆகியவையும் ஒன்றல்ல. ‘விடு’ என்னும் துணைவினை, இனி மாற்ற இயலாது என்னும் குறிப்பையும், சில வேளை பேசுபவரின் மனக்குறையையும் ஏற்றும். கூட்டக் குறிப்பு எழுதுவோர் முன்னதை எழுதுக. பின்னதைப் பெற்றோர் வாயிற்புறத்தில் பேசிக்கொள்வர்.