பெட்டியில் போடும் இரண்டு சீட்டு

டில்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் பயணம் செய்து பழகிய நேயர்களுக்கு ரம்மி ஆட்டத்தை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வண்டி ஆக்ராவைத் தாண்டுமுன் யாரேனும் ஒருவர் இருக்கையின்மேல் துண்டை விரித்துவிடுவார். பிறகு விஜயவாடா வரும்வரை எந்தச் சீட்டை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்ற கவலையைத் தவிர அங்கே வேறு கவலை இராது. 1967-ஆம் ஆண்டில் ஆந்திரப் பிரதேச வழக்கு ஒன்றில் நமது உச்ச நீதிமன்றமே இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம். விழுந்த சீட்டுகளை நினைவில் கொள்ளவேண்டும், சீட்டை வைத்திருப்பதிலும் கழிப்பதிலும் சாமர்த்தியம் வேண்டும் என்பது அத்தீர்ப்பின் கருத்து. மொழிபெயர்ப்பாளனாகிய எனக்குத் தீர்ப்புகளைப் படிப்பது தொழில். சீட்டாட்டக்காரனாகிய எனக்கு அந்த ஒரு வாக்கியம் தனி மகிழ்ச்சி அளித்தது.

ஆனால் ரம்மியில் கழித்த சீட்டு கையை விட்டுப் போனால் போனதுதான். அடுத்தவர் எடுத்துக்கொண்டால் அவருக்கு லாபம். எடுக்காவிட்டால் யாருக்கும் ஒன்றுமில்லை. இன்று நான் சொல்லப்போகும் ஆட்டத்திலோ கழித்த சீட்டுக்கும் கணக்கு உண்டு. அது சில சமயம் கழித்தவருக்கே திரும்பி வந்து புள்ளி கொடுக்கும். சில சமயம் எதிராளியின் பக்கம் நின்று நம்மைத் தோற்கடிக்கும். அந்த ஆட்டத்தின் பெயர் கிரிபேஜ்.

இது ஆங்கிலேயரின் ஆட்டம். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சர் ஜான் சக்ளிங் என்னும் கவிஞர் இதை உருவாக்கியதாக ஜான் ஆப்ரி எழுதி வைத்திருக்கிறார். நாடி என்னும் பழைய ஆட்டம் ஒன்றிலிருந்து இது பிறந்தது. சார்லஸ் டிக்கன்ஸ் 1840, 1841-ஆம் ஆண்டுகளில் தொடராக வெளியிட்ட 'ஓல்டு க்யூரியாசிட்டி ஷாப்' நாவலில் டிக் ஸ்விவலர் என்னும் குமாஸ்தா, நிலவறையில் அரைப்பட்டினியாகக் கிடக்கும் வேலைக்காரச் சிறுமிக்கு இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கிறான். கல்லூரியில் அதைப் படித்தபோது ஆட்டம் இன்னதென்று தெரியாமலே அப்பக்கங்களைத் தாண்டிப்போனேன்.

அதை எனக்குத் தெரியவைத்தவர் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் மகனோடு தங்கியிருந்த ஒரு பெரியவர். தூத்துக்குடிக்காரர், வணிகக் கப்பல்களில் நெடுங்காலம் ரேடியோ அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் திருச்சிக்காரன்தான், ஆயினும் அவரை அண்ணாச்சி என்றே அழைத்து வந்தேன். கப்பலில் ஆங்கிலேய மாலுமிகளிடம் கற்றதாகச் சொல்வார். புள்ளிகளைக் குறிப்பதற்குத் துளைகளிட்ட மரப்பலகை ஒன்று வைத்திருந்தார். அதன் முளைகள் எப்போதோ தொலைந்துபோனதால் தீக்குச்சிகளைச் செருகி ஆடினோம்.

ஆட்டத்தின் முறை இது. இருவர் ஆடுவது. ஒவ்வொருவருக்கும் 6 சீட்டு. அதில் 4-ஐ வைத்துக்கொண்டு 2-ஐக் கவிழ்த்துப் போடவேண்டும். இருவரும் போட்ட நான்கும் சேர்ந்து ஒரு தனிக் கையாகிறது. அதற்குத்தான் கிரிப் என்று பெயர். குழந்தையின் தொட்டிலுக்கும் மாட்டின் தீவனத் தொட்டிக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான் வழங்குகிறது. இதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லை இடுவது என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. ஆங்கிலேயர்களே பேச்சில் அதை 'பாக்ஸ்' என்பதுண்டாம். ஆகவே அவர் 'பெட்டி' என்றார். நானும் அப்படியே சொல்கிறேன்.

அந்தப் பெட்டி, சீட்டுப் போட்டவருக்கு உரியது. போடும் முறை மாறி மாறி வரும். சீட்டுகளைக் கழித்த பிறகு, மீதிக் கட்டை எதிராளி வெட்ட, மேல் சீட்டு ஒன்று திறக்கப்படும். அது இருவர் கைக்கும் பெட்டிக்கும் பொது. அது ஜாக்கியாக இருந்தால் போட்டவருக்கு உடனே 2 புள்ளி. அதன்பின் ஒருவர் மாற்றி ஒருவர் ஒவ்வொரு சீட்டாக வைத்து, 31-க்கு மிகாமல் கூட்டிக்கொண்டு போவார்கள். அதிலும் கூட்டல் 15 ஆனால் 2 புள்ளி, முன் சீட்டுக்கு இணை வைத்தால் 2 புள்ளி என்று சில்லறையாகச் சேரும். கடைசியில் கைகளை எண்ணுவார்கள். கூட்டினால் 15 ஆகும் ஒவ்வொரு சேர்க்கைக்கும் 2, இணைக்கு 2, மூன்றோ அதற்கு மேலோ வரிசையாக அமைந்தால் சீட்டுக்கு ஒன்று. ராஜா, ராணி, ஜாக்கி மூன்றுக்கும் மதிப்பு 10, ஏஸுக்கு 1. முதலில் எண்ணுபவர் எதிராளி; அடுத்துப் போட்டவரின் கை; அதன்பின் பெட்டி. இந்த வரிசையை நேயர்கள் நினைவில் வைக்கவேண்டும். பின்னால் அதனால்தான் எனக்கு ஒரு தலைகுனிவு நேர்ந்தது. முதலில் 121-ஐத் தொட்டவர் வென்றார். தொட்ட அந்தக் கணத்திலேயே ஆட்டம் முடிந்துவிடும்.

6 சீட்டில் 4-ஐத் தேர்ந்தெடுக்க 15 வழிகள் உண்டு. புதிதாக ஆடுபவர் என்ன செய்வார்? நான்கு சீட்டில் எது அதிகப் புள்ளி தருகிறதோ அதை வைத்துக்கொள்வார்; மிஞ்சியதைக் குப்பை என்று எண்ணிப் பெட்டியில் தள்ளுவார். நானும் முதல் மாதம் அப்படித்தான் ஆடினேன். அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் ஜெயித்துக்கொண்டே இருந்தார். ஒருநாள், "தம்பி, சீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் பெட்டி யாருடையது என்று பாருங்கள்" என்றார்.

அவர் சொன்னதை ஒரு ஞாயிறன்று பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து சோதித்துப் பார்த்தேன். 2, 3, 4, 5, 8, ராஜா என்று ஆறு சீட்டு வந்திருப்பதாகக் கொள்வோம். பெட்டி நம்முடையது என்றால் 2, 3, 4, 8 ஆகியவற்றை வைத்துக்கொள்ளலாம். வரிசைக்கு 3, மூன்றும் நான்கும் எட்டும் சேர்ந்த 15-க்கு 2, ஆக 5 புள்ளி. பெட்டியில் 5-ம் ராஜாவும் போகும். அங்கே இன்னொரு 15. எல்லாம் நமக்கே. ஆக உறுதியாக 7.

பெட்டி எதிராளியுடையது என்றாலோ அதே ராஜாவும் ஐந்தும் அவருக்கு நாம் கட்டிக்கொடுத்த சீர்வரிசையாகிவிடும். அப்போது 2, 3, 4, 5 ஆகியவற்றை வைத்து, 8-ஐயும் ராஜாவையும் போடவேண்டும். கையில் உறுதியாக இருப்பது 4 மட்டுமே. பார்ப்பதற்கு ஒரு புள்ளி நட்டம். ஆனால் நம் கண்ணுக்குத் தெரியாத 46 சீட்டில் 15 சீட்டு பத்து மதிப்புள்ளவை. அவற்றில் எது வெட்டில் வந்தாலும் இந்தக் கை 8 ஆகும். ஐந்துடன் ஒரு 15, இரண்டும் மூன்றும் சேர்ந்து இன்னொரு 15. சின்னத்தின் பெயரால் வரும் புள்ளிகளை ஒதுக்கிவிட்டு, 46 வெட்டுக்கும் எண்ணிக் கூட்டினேன். 2, 3, 4, 5-க்கு மொத்தம் 394. 2, 3, 4, 8-க்கு 380. அதாவது சராசரி எட்டரைக்குச் சற்று மேலும் எட்டேகாலை ஒட்டியும் வருகின்றன. வெளிப்பார்வைக்கு மெலிந்த கை உண்மையில் கொழுத்ததாக இருந்தது. அப்படியிருந்தும் நம் பெட்டியானால் 8 உள்ள கையையே வைக்கிறோம். கையில் விடும் சிறு பின்னத்தைப் பெட்டி பல மடங்காகத் திருப்பித் தந்துவிடும்.

இந்த ஆட்டத்தில் 5-க்கு இருக்கும் மரியாதை வேறு எதற்கும் இல்லை. 52 சீட்டில் 16 சீட்டு பத்து மதிப்புடையவை; அவற்றுள் எதோடும் ஐந்து சேர்ந்தால் பதினைந்து. ஆகவே நம் பெட்டிக்கு ஐந்து, இணைகள், 7-ம் 8-ம், 2-ம் 3-ம் நல்ல சரக்கு. எதிராளியின் பெட்டிக்கு ஒன்றோடொன்று உறவில்லாத, எட்டி நிற்கும் சீட்டுகளாகப் பார்த்துப் போடவேண்டும். ராஜா அதற்கு மிகவும் ஏற்றது. அதற்கு மேலே சீட்டு இல்லாததால் வரிசை ஒரு பக்கம்தான் சேரும். ராஜாவும் 9-ம் என்று போட்டால் அண்ணாச்சி முகத்தைச் சுளிப்பார். அதுவே எனக்குப் பாராட்டு.

தயக்கத்துக்கு இடமே தராத கைகளும் உண்டு. 7, 7, 8, 8 வந்தால் 12 புள்ளி. கூட வந்தவை 5-ம் ஜாக்கியுமாக இருந்து, பெட்டி பகைவருடையதாகவே இருந்தாலும் தூக்கிக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஆட்டத்தின் உச்சக் கை 29 புள்ளி. மூன்று ஐந்தும் ஒரு ஜாக்கியும் கையில் இருந்து, அந்த ஜாக்கியின் சின்னத்திலேயே நான்காவது ஐந்து வெட்டில் வரவேண்டும். 2,16,580 கைகளில் ஒருமுறை வரக்கூடியது என்பது கணக்கு. 1943-ஆம் ஆண்டில் 'வாஹூ' என்னும் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலில் ரிச்சர்ட் ஓகேன் என்ற அதிகாரிக்கு, போர்ப் பயணத்தின் நடுவிலே அது வந்தது. அவருடைய பெயரால் ஒரு கிரிபேஜ் பலகையை அந்நாட்டுப் பசிபிக் கடற்படையின் மூத்த நீர்மூழ்கிக் கப்பலில் வைத்துப் போற்றும் வழக்கம் பின்னர் ஏற்பட்டது. அண்ணாச்சி இக்கதையைச் சொல்லும்போதெல்லாம் தமக்கு 28 வந்ததையும் சேர்த்துச் சொல்வார். சாட்சிகள் எல்லாரும் கடலில் இருக்கிறார்கள் என்பார்.

இப்போது என் தலைகுனிவுக்கு வருகிறேன். மகனுக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆனதால் அண்ணாச்சி தூத்துக்குடிக்கே திரும்பிப் போவதென்று முடிவாயிற்று. புறப்படுமுன் வந்த ஞாயிற்றுக்கிழமை கடைசியாக ஆடினோம். இருவரும் சமமாக ஜெயித்திருந்தோம். அது தீர்மான ஆட்டம். பலகையில் நான் 117-ல் நிற்கிறேன். எனக்கு வேண்டியது 4. அவர் 119; வேண்டியது 2. சீட்டுப் போட்டவர் அவர். எனக்கு வந்த ஆறு: 3, 4, 5, 5, ஜாக்கி, ராணி.

எதிராளியின் பெட்டிக்கு ஐந்தைக் கொடுக்கலாகாது என்ற பாடம் அதற்குள் என் இரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. ஆகவே 5, 5, ஜாக்கி, ராணி ஆகிய நான்கையும் இறுகப் பிடித்துக்கொண்டு 3-ஐயும் 4-ஐயும் போட்டேன். கையில் 10 புள்ளி. வெட்டியதில் 10 வந்தது. ஜாக்கி வந்திருந்தால் அவர் அப்போதே ஜெயித்திருப்பார். என் கை 17 ஆகிவிட்டது! உள்ளத்துக்குள் வெற்றி முரசு கொட்டிக்கொண்டே ராணியை வைத்தேன். அண்ணாச்சி மெதுவாக மற்றொரு ராணியை அதன்மேல் வைத்தார். இணைக்கு 2. தீக்குச்சி 121-ல் ஏறிவிட்டது. என் 17 புள்ளி எண்ணப்படாமலே கையில் கிடந்தது.

சற்று நேரம் பேசாமல் இருந்த அண்ணாச்சி, நான் போட்ட இரண்டு சீட்டையும் பெட்டியிலிருந்து எடுத்துத் திருப்பி வைத்தார். "ஐந்தைக் கொடுக்காதீர்கள் என்று நான் சொன்னது உண்மைதான். ஆனால் இந்தப் பெட்டியை நான் எண்ணும் வேளை வரவே போவதில்லையே, தம்பி. முதலில் எண்ணுபவர் நீங்கள்."

அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. 3, 4, 5, ஜாக்கி ஆகியவற்றை வைத்திருந்தால் வரிசைக்கு 3, பதினைந்துக்கு 2, ஆக 5. எனக்குத் தேவைப்பட்டது 4 தான். மற்றொரு 5-ஐயும் ராணியையும் பெட்டியில் தாராளமாகப் போட்டிருக்கலாம். அவர் அதைத் திறக்குமுன் நான் முடித்திருப்பேன். அன்று நான் காக்கவேண்டியிருந்தது பெட்டியை அல்ல, சீட்டு வைக்கும் கட்டத்தில் அவருக்குக் கிடைக்கக்கூடிய 2 புள்ளியை. முதல் சீட்டாக 4-ஐ வைத்திருந்தால் அதன்மேல் அவர் எதை வைத்தும் 15 ஆக்க முடியாது. இணை வைப்பதற்கும் மூன்றே நாலுகள்தான் உண்டு. ராணிக்கோ மூன்று ராணிகளோடு மிச்சமுள்ள இரண்டு ஐந்துகளும் எதிரிகள். 4-ஐ வைத்திருந்தாலும் பின்னால் வேறு வழியில் அவர் ஜெயித்திருக்கக்கூடும். ஆனால் நான் தோற்றது அவர் சீட்டினால் அல்ல. அவர் சொன்ன விதியைக் காரணம் கேட்காமல் பின்பற்றியதால். ஐந்தைக் கொடுக்காதே என்றால் எதற்காக என்பதை நான் மறந்திருந்தேன்.

இப்போது அவர் தூத்துக்குடியில் மகள் வீட்டில் இருக்கிறார். பலகை என்னிடம் இருக்கிறது. சில ஞாயிறுகளில் தொலைபேசியில் கூப்பிட்டு, நலம் விசாரிப்பதற்கு முன்பே ஆறு சீட்டுகளைச் சொல்லி, "எதைப் போடுவீர்கள்?" என்பார். சென்ற மாதம் சொன்னது 3, 3, 7, 8, 9, ராஜா.

நான் நிதானமாகவே, "பெட்டி யாருடையது, அண்ணாச்சி?" என்று கேட்டேன். "நீங்களே சொல்லுங்கள்" என்றார். "என் பெட்டியானால் இரண்டு 3-ஐயும் போடுவேன். உங்கள் பெட்டியானால் ஒரு 3-ம் ராஜாவும். எப்படிப் போட்டாலும் என் கையில் 5 புள்ளி இருக்கும்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. சரியான விடைதான் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"பலகையில் இருவரும் எத்தனையில் நிற்கிறார்கள் என்று கேட்கவில்லையே, தம்பி" என்றார்.