சிறுவருக்கோர் இணையத்தளம்

சிறுவருக்கென இணையத்தளம் அமைக்கப் புகுவோர் பெரும்பாலும் ஒரு வழியையே கைக்கொள்கின்றனர். கணக்கொன்றைத் திரையில் இடுவர். பிள்ளை சரியான விடையைத் தொட்டால் மணியோசை எழும், வண்ணப் பூக்கள் சொரியும். கசப்பு மருந்தைத் தேனிற் குழைத்துக் கொடுப்பது போன்றது இது. தேனை நக்கிவிட்டு மருந்தைத் துப்பும் பிள்ளையின் திறமையைத் தாய்மார் நன்கறிவர். கல்வி வேறு, களிப்பு வேறு எனப் பிரித்துவைத்து, பின்னர் இரண்டையும் ஒட்ட முயல்வதே இவ்வழியின் குறை. கற்குஞ் செயலே களிப்பாதல் கூடுமா? கூடும் என்பதற்குச் சான்று உண்டு.

தென்னாபிரிக்காவிற் பிறந்த சீமோர் பப்பேட், ஜெனீவாவில் உளவியலறிஞர் ஜீன் பியாஜேயுடன் பணியாற்றியவர். அவரும் தோழர்களும் 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ‘லோகோ’ என்னும் கணினி மொழியைச் சிறுவருக்காக ஆக்கினர். சில ஆண்டுகளில் அம்மொழிக்கு ஓர் ஆமையும் வந்து சேர்ந்தது. முன்னே செல், வலப்புறம் திரும்பு என்று பிள்ளை கட்டளையிட, ஆமை நகர்ந்து கோடு வரையும். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று படித்த பிள்ளை, ஆமையையும் 60 பாகை திருப்பினால் அது அறுகோணத்தின் வழியே சென்றுவிடும். திருப்பவேண்டியது 120 பாகை. அங்கே பிழையென்று அதட்டுவார் இல்லை. வரைந்த கோடே பிழையைக் காட்டும். பிள்ளை மீண்டும் எண்ணும், மீண்டும் முயலும். கோணம் அங்கே பாடமாக வரவில்லை, தேவையாக வந்தது.

பப்பேட்டின் கருத்தைத் தொடர்ந்தவர் மிற்செல் றெஸ்னிக். மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் அவர் தலைமையில் இயங்கிய குழுவினர் 2007ஆம் ஆண்டில் ‘ஸ்கிறாச்’ என்னும் இணையத்தளத்தைத் திறந்தனர். அது 8 முதல் 16 வயது வரையுள்ளோரைக் கருதி அமைக்கப்பெற்றது. கட்டளைகள் யாவும் வண்ணக் கட்டைகளாக உள்ளன; பொருந்தத் தக்கவையே ஒன்றோடொன்று பொருந்தும். ஆதலின் ஓரெழுத்துத் தவறியதால் முழு வேலையும் நின்றுபோகும் இடர் இல்லை. பிள்ளை தன் குரலைப் பதிவுசெய்து, படத்திலுள்ள பூனையைப் பேச வைக்கலாம். கதை, இசை, விளையாட்டு எதனையும் ஆக்கலாம்.

அமைப்பாளர் கொண்ட நெறியை ஒரு வீட்டுக்கு ஒப்பிடுவர். தொடங்குவோர் எளிதிற் புகத் தளம் தாழ்ந்திருத்தல் வேண்டும்; வல்லவர் வளரக் கூரை உயர்ந்திருத்தல் வேண்டும்; பலரும் தத்தம் விருப்பின்வழிச் செல்லச் சுவர்கள் அகன்றிருத்தல் வேண்டும். பிறர் ஆக்கத்தைத் திறந்து அதன் உள்ளமைப்பைக் காணவும், மாற்றி வேறொன்று செய்யவும் அங்கே இடமுண்டு. மாற்றிய படைப்பின் பக்கத்தில் முதலில் ஆக்கியவரின் பெயர் தானே தோன்றும். பிறர் உழைப்பை மதிக்கும் பண்பு இவ்வாறு பழக்கத்தின்வழி வருகிறது.

இன்னொன்றும் எண்ணத் தக்கது. பிள்ளையின் பெயரும் முகவரியும் வணிகர் கைக்குச் செல்லலாகாது. 13 வயதுக்குட்பட்டோரின் விவரங்களைப் பெற்றோர் இசைவின்றித் திரட்டுவதைத் தடுக்கும் சட்டம் அமெரிக்காவில் 1998இல் இயற்றப்பட்டு, 2000இல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் இருப்பினும் இல்லாவிடினும், தளம் அமைப்போர் இதனைத் தம் கடமையாகக் கொள்ளல் வேண்டும்.

தமிழ்ச் சிறுவருக்குத் தளம் அமைப்போர் பிறநாட்டு வினாவிடைகளை மொழிபெயர்த்து அடுக்குவதோடு அமையலாகாது. நம் வீட்டு முற்றத்துக் கோலத்தைப் பாருங்கள். புள்ளியும் வளைவும் ஒழுங்கும் நிறைந்த அக்கலையைச் சென்னைக் கணித அறிஞர் கிவ்ற் சிரோன்மணியும் உடனாய்வாளரும் கணினியியலோடு இணைத்து ஆராய்ந்து, 1974இல் கட்டுரை வெளியிட்டனர். பாட்டி வரையும் கோலத்தைப் பேரப்பிள்ளை கட்டளைகளால் வரைய முயலுமாயின், சமச்சீரும் கோணமும் விளையாட்டாகவே கைவரும்.

பிள்ளை எத்தனை நாழிகை திரைமுன் இருந்தது என்று கணக்கிடுவது வணிகர் அளவுகோல். எழுந்து செல்லும்போது எதனைத் தானே செய்யக் கற்றது என்பதே கல்வியின் அளவுகோல். இந்த இரண்டாவது அளவுகோலைக் கையிற்கொண்டு தளம் அமைப்போரே பிள்ளைகளுக்கு நல்லாசிரியராவர்.