ஒரே ஒரு வண்டி



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என் வீட்டுத் திண்ணையில் பெரிய வாக்குவாதம் ஒன்று நடந்தது. என் பேரனும் அவனோடு கல்லூரியில் பயிலும் நண்பன் ஒருவனும் ஒரு மோட்டார்க் காரின் படத்தை நடுவில் வைத்துக்கொண்டு வழக்காடினர். "அழகு என்றால் இதுதான்" என்றான் ஒருவன். "பழைய காரைப் பார்த்து எழுதிய காப்பி இது" என்றான் மற்றவன். இருவரும் அந்தக் காரை நேரில் கண்டதில்லை. உலகில் அவ்வகைக் கார் ஒன்றே ஒன்றுதான் உண்டு. வழக்கு என்னிடம் வந்தது. "தாத்தா, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றனர். நான் உடனே சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைப் பின்னர்க் கூறுகிறேன்.

ஒரே ஒரு கார் எப்படிப் பிறக்கிறது? இதனை அறியக் கரூர் வரையில் சென்றாலே போதும். அங்கே பஸ்களுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் பல உண்டு. எஞ்சினும் சக்கரங்களும் பொருத்திய அடிச்சட்டம் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. அதன்மேல் கூண்டைக் கட்டுவோர் வேறு கைவினைஞர். ஆகவே ஒரே வகை அடிச்சட்டத்தின்மேல் பல்வேறு தோற்றமுடைய பஸ்கள் எழுகின்றன. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஐரோப்பாவில் உயர்ந்த கார்களும் இவ்வாறே கட்டப்பட்டன. செல்வர் ஒருவர் அடிச்சட்டத்தை ஓரிடத்தில் வாங்குவார். தம் விருப்பத்தைச் சொல்லிக் கூண்டை வேறோரிடத்தில் கட்டுவித்துக்கொள்வார்.

இத்தாலி நாட்டின் டூரின் நகரத்தில் 1930ஆம் ஆண்டில் அத்தகைய தொழிலகம் ஒன்றைத் தொடங்கியவர் பட்டிஸ்டா ஃபரீனா என்பவர். 'பினின்' என்பது அவருடைய செல்லப் பெயர். பின்னாளில் அச்செல்லப் பெயரும் குடும்பப் பெயரும் ஒன்றாகிப் 'பினின்ஃபரீனா' என்றே அவரது பெயர் சட்டப்படி மாறிற்று. ஃபெராரிக் கார்கள் பலவற்றிற்கு உருவம் தந்தது இந்நிறுவனமே.

போருக்குப் பின் நிலைமை மாறியது. அடிச்சட்டம் வேறு, கூண்டு வேறு என்பது போய், இரண்டும் ஒரே உடலாக அமையும் முறை பரவியது. ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் வார்க்கும் தொழிற்சாலைகள் பெருகின. கூண்டு கட்டுவோர் அருகினர். ஆயினும் அக்கலை முற்றும் அழிந்துவிடவில்லை. என் திண்ணையில் வழக்குக்கு உள்ளான கார் அதற்குச் சான்று.

ஜேம்ஸ் கிளிக்கன்ஹாஸ் என்பவர் அமெரிக்கர். திரைப்பட இயக்குநராக இருந்தவர். பழைய பந்தயக் கார்களைப் போற்றிச் சேர்ப்பவர். ஃபெராரி நிறுவனம் 2002இல் வெளியிட்ட 'என்சோ' என்னும் கார் மொத்தம் 400 மட்டுமே செய்யப்பட்டது. அவர் அவற்றுள் ஒன்றை வாங்கிப் பினின்ஃபரீனாவிடம் ஒப்படைத்து, அதன் மேலுடலைக் களைந்து புதிய உடல் அமைக்குமாறு வேண்டினார். 1960களின் ஃபெராரிப் பந்தயக் கார்களின் சாயல் அதில் இருக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். அப்பந்தயக் கார்கள் எளியவை அல்ல. 1967ஆம் ஆண்டு அமெரிக்காவின் டேடோனாவில் நடந்த 24 மணி நேரப் போட்டியில் முதல் மூன்று இடங்களையும் ஃபெராரி வண்டிகளே பெற்றன. ஜேசன் காஸ்ட்ரியோட்டா என்னும் வடிவமைப்பாளர் புதிய உடலை வரைந்தார். கரிம இழையால் உடல் செய்யப்பட்டது. காற்றுச் சுரங்கத்தில் சோதிக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் நடந்த கார் அழகுப் போட்டியில் அது உலகின் பார்வைக்கு வந்தது. 'ஃபெராரி பி 4/5' என்பது அதன் பெயர்.

வந்த நாள் தொட்டு அதனைப் பற்றிய வழக்கும் வந்தது. நானூறே உள்ள அரிய காரைக் குலைத்து இன்னொன்று செய்யலாமா என்பது முதல் வினா. நல்ல வீணையை உடைத்து வேறு வீணை செய்வது போலன்றோ இது என்பர் ஒரு சாரார். 'எஞ்சினும் உறுப்புகளும் அப்படியே உள, மாறியது மேலாடைதான், அதுவும் அழகாயிற்று' என்பர் மறுசாரார். பழைய வடிவை மீண்டும் வரைவது படைப்பா, போலியா என்பது இரண்டாம் வினா. வளைந்த கண்ணாடி, சக்கரத்தின்மேல் அலைபோல் எழும் வளைவு, இவையெல்லாம் நாற்பதாண்டுப் பழமையுடையன என்பது குற்றச்சாட்டு. மரபின் சொற்களைக் கொண்டு புதிய பாட்டு எழுதுவது குற்றமாகுமா என்பது மறுப்பு. பணம் கொடுப்பவரின் சுவை வரைபவரின் கையை ஆளலாமா என்பது மூன்றாம் வினா.

இம்மூன்றாம் வினாவிற்கு நம் நாட்டுக் கதை ஒன்று உண்டு. 1910இல் கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலச் செல்வர் ஒருவர், இங்கிலாந்தில் ஒரு கார் செய்வித்தார். அதன் முன்புறம் முழுவதும் மாபெரும் அன்னப்பறவை! அதன் அலகிலிருந்து சுடுநீர் பீறிட்டுத் தெருக்கூட்டத்தை விலக்குமாம். பின்புறம் சுண்ணாம்புக் குழம்பு சொட்டுமாம். கல்கத்தா மக்கள் வெருண்டனர். போலீசார் அதனைத் தடுத்தனர். பின்னர் நாபா மகாராஜா அதனை வாங்கினார். இன்று அது நெதர்லாந்தின் ஹேக் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விருப்பம் எல்லை கடந்தால் காருக்கு இறகும் முளைக்கும்!

இனி, அழகு என்பது கண்ணுக்கா, காற்றுக்கா என்னும் வினா. இதற்கு மிக நல்ல எடுத்துக்காட்டு 1962ஆம் ஆண்டு வண்டி ஒன்று. இத்தாலியப் பிரபு ஜோவன்னி வோல்பி ஒரு பந்தயக் குழுவை நடத்தினார். 1961இல் ஃபெராரியை விட்டு வெளியேறிய பொறியாளர்களுக்கு அவர் ஆதரவளித்தார். அதனால் ஃபெராரியின் புதிய '250 ஜி.டி.ஓ.' கார் அவருக்கு விற்கப்படவில்லை. மனம் தளராமல், தம்மிடமிருந்த பழைய ஃபெராரி ஒன்றைப் பிட்சாரினி என்னும் பொறியாளரிடம் தந்தார். அவர் எஞ்சினைத் தாழ்த்திப் பின்னே தள்ளினார். கூரையைப் பின்புறம் வரை நீட்டிச் செங்குத்தாக வெட்டிவிட்டார்.

ஏன் வெட்டினார்? காற்றில் எளிதாகச் செல்ல ஏற்ற வடிவம் நீர்த்துளி போன்றது. முன்னே பருத்துப் பின்னே நீண்டு கூர்வது. ஆனால் அவ்வளவு நீண்ட வாலோடு கார் ஓட இயலாது. வாலை இடையில் நறுக்கிவிட்டாலும் காற்று ஏறக்குறைய அவ்வால் இருப்பது போலவே ஒழுகிச் செல்லும் என்பதை 1930களில் ஜெர்மன் அறிஞர் காம் என்பவரும் பிறரும் ஆராய்ந்து கண்டனர்.

இவ்வண்டியைக் கண்டவர்கள் நகைத்தனர். 'ரொட்டி வண்டி' என்று ஆங்கிலப் பத்திரிகைகள் பெயரிட்டன. ஆனால் பிரான்சின் லெ மான் பந்தயத்தில், தனக்கு மறுக்கப்பட்ட ஜி.டி.ஓ. வண்டிகளையெல்லாம் அது முந்தி ஓடியது! நான்காம் மணி நேரத்தில் ஓட்டத்தண்டு பழுதாகி நின்றுவிட்டது என்பது உண்மைதான். அப்பந்தயத்தில் ஒரு ஜி.டி.ஓ. இரண்டாம் இடம் பெற்றது என்பதும் உண்மை. எனினும் பழுதானது தண்டு. நகைப்புக்கு உள்ளான வால் அன்று.

மாணவர்களே, இப்போது நான் முன்னர்ச் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன். நான் இளம் ஆசிரியனாகக் கணக்குப் பாடம் நடத்திய காலம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கணக்கேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கார் வரைந்திருந்தான். அதன் வால் கத்தியால் அரிந்தாற்போல் நின்றது. ஏட்டை வகுப்பு முழுவதற்கும் உயர்த்திக் காட்டி, "இதன் பின்பாதியை யாரப்பா திருடிக்கொண்டு போனார்கள்?" என்றேன். வகுப்பு சிரித்தது. "காற்றுக்காக, சார்" என்று மெல்லச் சொன்னான் அவன். நான் மேலே கேட்கவில்லை. அவன் ஏட்டை மூடினான். அதற்குப் பின் என் வகுப்பில் அவன் எதையும் வரையவில்லை.

பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு நூலில் காம் என்பாரின் ஆராய்ச்சியைப் படித்தபோது அந்த ஒரு சொல் என் காதில் ஒலித்தது. அச்சிறுவன் எதைக் கண்டு அவ்வாறு எண்ணினான்? பஸ்ஸின் பின்னே சுழன்றெழும் புழுதியைக் கண்டா? யாரேனும் சொல்லக் கேட்டா? எனக்குத் தெரியாது. ஏனெனில் நான் கேட்கவில்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில், குழந்தையின் தவற்றிலும் காரணம் உண்டு, அதனைத் தேடு என்று கற்றுத்தந்தார்கள். தேர்வில் அதனை எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். வகுப்பில் அன்று மறந்தேன்.

ஆகவேதான் திண்ணை வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பணி கொடுத்தேன். "பத்து நிமிடம் நீ அவன் கட்சியைப் பேசு, அவன் உன் கட்சியைப் பேசட்டும்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டனர். பிறகு நடந்ததுதான் வியப்பு. அதுவரை ஒருவரையொருவர் பார்த்துக் கத்திய இருவரும், முதன்முறையாகப் படத்தைப் பார்த்தனர்! சக்கரத்திற்கும் உடலுக்கும் உள்ள அளவு என்ன, கதவின் கீழே காற்று நுழையும் வாய் எங்கே, பழைய காரில் இருந்த கோடு இங்கே எங்கே மாறுகிறது என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பேசினர். பழங்காரின் படத்தையும் தேடி எடுத்து அருகே வைத்தனர்.

இறுதியில் ஒருவனும் கட்சி மாறவில்லை. மாறவேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. கட்டடமோ, கவிதையோ, காரோ, புதிதாக ஒன்று உங்கள் கண்முன் வரும்போது, 'நன்று', 'தீது' என்னும் சொல் நாவுக்கு விரைந்து வரும். அதனைச் சற்றே நிறுத்தி, 'ஏன் இவ்வாறு செய்தாய்?' என்று செய்தவரைக் கேளுங்கள். அவர் எட்டாத் தொலைவில் இருந்தால் அவர் செய்த பொருளைக் கேளுங்கள். விடை கேட்ட பின் நகைக்கத் தோன்றினால் நகையுங்கள், தவறில்லை.

அந்தச் சிறுவன் இன்று ஐம்பது வயதை நெருங்கியிருப்பான். எங்கேனும் வானொலிக்கு அருகில் இருந்தால், அவனிடம் நான் அன்று கேட்காத கேள்வியை இன்று கேட்கிறேன்: அந்த வாலை ஏன் வெட்டினாய், தம்பி?