பெயர் தெரியாத காய்ச்சலும் நனோத் துளையும்



2024 டிசம்பரில், பெருமழை ஓய்ந்த கையோடு யாழ்ப்பாணத்தில் ஒரு காய்ச்சல் பரவியது. மூச்சுத்திணறலோடு வைத்தியசாலைக்கு வந்தவர்களில் சிலர் உயிரிழந்தார்கள். என்ன காய்ச்சல் என்று தெரியாமல் குடாநாடு கலங்கியது. குருதி மாதிரிகள் கொழும்புக்குப் போயின. அது எலிக்காய்ச்சல் என்று பிறகுதான் உறுதியானது.

எலிக்காய்ச்சலுக்கு மருந்து உண்டு. முதல் நாள்களிலேயே தொடங்க வேண்டும். ஆனால் அந்தக் கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகள் குருதியில் தென்பட ஏறக்குறைய ஒரு வாரம் செல்லும். கிருமியின் டிஎன்ஏயோ அதற்கு முன்பே அங்கே இருக்கும். பிசிஆர் பரிசோதனை அதைக் கண்டுபிடிக்கும். ஆனால் எந்தக் கிருமியைத் தேடுகிறோம் என்று முதலே தெரிந்திருக்க வேண்டும். பெயர் தெரியாத காய்ச்சலில் அதுதானே சிக்கல்!

நனோத் துளைக் கருவி அப்படிக் கேட்பதில்லை. அகப்படும் டிஎன்ஏயை எல்லாம் வாசிக்கும். மிக நுண்ணிய கால்வாய்கள் கொண்ட ஒரு சில்லில் சில துளி திரவம் ஓடுகிறது. சில்லிலுள்ள மென்சவ்வில், ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஓரிரு பங்கு அகலமுள்ள துளைகள். மின்னழுத்தம் கொடுத்ததும் உப்பு அயன்கள் துளையூடாகப் பாய்கின்றன. டிஎன்ஏ இழையொன்று நுழைந்தால் மின்னோட்டம் குறைகிறது. டிஎன்ஏயின் எந்த வேதி எழுத்துகள் துளைக்குள் நிற்கின்றனவோ, அதற்கேற்பக் குறைவின் அளவும் மாறும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கணினி எழுத்துகளாக்குகிறது.

அமெரிக்க விஞ்ஞானி டேவிட் டீமர் 1989இல் குறிப்பேட்டில் வரைந்த எண்ணம் இது. 1996இல் அவரும் சகாக்களும் ஒற்றை இழைகள் துளையைக் கடப்பதை அளந்து காட்டினார்கள். 2015இல் கினி நாட்டுக்குப் பயணப் பெட்டிகளில் போன கருவிகள், எபோலா மாதிரிகளை 24 மணித்தியாலத்துக்குள் வாசித்தன. பேராதனையில் பொறியியல் படித்த ஹசிந்து கமாராச்சி, இந்தத் தரவை விரைவாக ஆராய உதவும் ஸ்லோ5 என்ற கோப்பு வடிவத்தை 2022இல் சகாக்களோடு வெளியிட்டார். இது எங்களுக்கு எட்டாத வித்தை அல்ல.

குறைகளும் உண்டு. குருதியில் மனித டிஎன்ஏயே மிகுதி; கிருமியுடையது சொற்பம். சில்லுகள் விலை கூடியவை. வாசித்ததை விளங்கப் பயின்றவர்கள் வேண்டும். ஆனாலும் யாழ்ப்பாணத்தில் போதனா வைத்தியசாலையும் மருத்துவ பீடமும் இருக்கின்றன. அடுத்த மாரிக்குள் இங்கேயே இந்தத் திறனை வளர்க்கத் தொடங்க வேண்டும்.

அதுவரை, கமக்காரரே, எலிக்காய்ச்சல் வயல் நீரிலிருந்தும் தொற்றலாம் என்பதால், வயலில் இறங்கியபின் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். வயலில் நின்றதையும் மறவாமல் சொல்லுங்கள்.